எலியின் நுரையீரலில் ஊதா நிறத் துகள்கள்

டொலுயிடின் புளூ சாயத்தில் நனைத்தெடுத்த எலி நுரையீரல் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், முதலில் கண்ணில் படுவது வெளிர்நீலப் பரப்புதான். காற்றறைகளின் மெல்லிய சுவர்கள் வலைப்பின்னலாக விரிந்திருக்கும். நடுநடுவே சிறு தமனிகள் வட்டங்களாகவும் நீள்வட்டங்களாகவும் வெட்டுப்பட்டுக் கிடக்கும். லென்ஸை மாற்றி அந்த வட்டங்களில் ஒன்றை நெருங்கிப் பார்த்தால், தமனியின் வெளியுறையை ஒட்டியபடி, சுற்றியுள்ள நீலத்தோடு சேராத செவ்வூதா நிறத்தில் சில செல்கள் தென்படும். சாயம் நீலம், செல் காட்டுவதோ ஊதா. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் என்ற பொருள் செறிந்த துகள்களின் மீது சாய மூலக்கூறுகள் நெருக்கியடித்துப் படிவதால் ஏற்படும் இந்த நிறமாற்றத்தைக் கொண்டுதான், 1878இல் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிஹ் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், ஒவ்வாமையில் பங்கேற்கும் நோயெதிர்ப்புச் செல்களாக இன்று நாம் அறியும் மாஸ்ட் செல்களைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். துகள்கள் நிரம்பிய அந்தச் செல்கள் நன்றாகத் தின்று கொழுத்தவை என்று அவர் கருதியதால், கொழுக்க வைத்தலைக் குறிக்கும் ஜெர்மன் சொல் பெயராக ஒட்டிக்கொண்டது. காரணம் தவறாகிப் போனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

நுரையீரல் உயர் அழுத்தம் உள்ள விலங்குகளில் இந்தச் செல்கள் சிறு தமனிகளைச் சுற்றிப் பெருகியிருப்பதை அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பலரும் கண்டு எழுதியிருக்கிறார்கள். அவை அங்கே என்ன செய்கின்றன என்பதில்தான் கருத்து வேறுபாடு. நோயை உண்டாக்குகின்றனவா, நோய் வந்தபின் வந்து சேர்கின்றனவா, அல்லது சேதத்தைச் சரிசெய்யத்தான் வருகின்றனவா? என் வேலையின் ஒரு பகுதி இப்படிப்பட்ட சீவல்களில் செல்களை எண்ணுவது என்பதால், இக்கேள்வி எனக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்ததில்லை. எத்தனை மாஸ்ட் செல்கள் உள்ளன என்பதைக் காட்டிலும், அவை எந்த நாளில் தம் துகள்களை வெளியே கொட்டின என்பதே முக்கியம் என்ற முடிவுக்கு நான் ஏன் வந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதயத்தின் வலது பக்கம் நுரையீரலுக்கு இரத்தத்தைத் தள்ளுகிறது. அந்தச் சுற்று இயல்பாகவே தாழ்ந்த அழுத்தத்தில் ஓடுவது. சிறு தமனிகள் சுருங்கினாலோ, அவற்றின் மென்தசைச் சுவர் தடித்தாலோ, உள்ளே அடைப்பு ஏற்பட்டாலோ, அல்லது இதயத்தின் இடது பக்கம் தளர்ந்து இரத்தம் பின்னோக்கித் தேங்கினாலோ அழுத்தம் ஏறுகிறது. மெல்லிய சுவர் கொண்ட வலது கீழறை அந்தச் சுமைக்கு ஈடுகொடுக்கத் தடித்து, பின் விரிந்து, இறுதியில் தோற்றுப்போகிறது. ஆய்வகத்தில் வலது கீழறையின் சுவரைத் தனியே வெட்டியெடுத்து எடைபோட்டு, அதை இடது கீழறையும் இடைச்சுவரும் சேர்ந்த எடையால் வகுப்பது வழக்கம். நலமான எலியில் இந்த விகிதம் ஏறக்குறைய கால் பங்கு. நோய் முற்றிய எலியில் அது அரைப் பங்கையும் தாண்டும். அழுத்தமானியில் தவறு நேரலாம், தராசில் அவ்வளவாக நேராது என்பதால் எனக்கு இந்த அளவு மிகவும் பிடிக்கும்.

இந்த நோய் எல்லா விலங்குகளையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. 1915இல் கொலராடோவில் குளோவர், நியூசம் என்ற இருவர், உயரமான மலை மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் செல்லப்பட்ட மாடுகளுக்கு அலைதாடியிலும் முன்மார்பிலும் நீர் கோத்து வீங்குவதை விவரித்தனர். அது முன்மார்பில் தோன்றிய தனி நோயல்ல, காற்றில் ஆக்ஸிஜன் குறைந்ததால் நுரையீரல் தமனிகள் இறுகி வலது இதயம் செயலிழப்பதன் வெளித்தோற்றம் என்பது பின்னர்தான் தெளிவாயிற்று. நோயுற்ற மாட்டில் நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 100 மி.மீ. பாதரசத்தை எட்டுவதுகூட உண்டு. அதே உயரத்தில் யாக்கும் லாமாவும் கவலையின்றி மேய்கின்றன. மாட்டிலும் பன்றியிலும் நுரையீரலின் சிறு தமனிகள் பிறவியிலேயே தடித்த தசைச் சுவர் உடையவை. யாக்கிலும் லாமாவிலும் அவை மெலிந்தவை. ஆகவே ஒரு விலங்கின் மாஸ்ட் செல்லைப் பற்றிப் பேசும் முன், அந்தச் செல் எப்படிப்பட்ட குழாயின் அருகில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இந்த எச்சரிக்கையை மறந்து எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம்.

மாஸ்ட் செல் இந்தக் கதைக்குள் நுழைந்தது வேறொரு வாசல் வழியாக. 1946இல் சுவீடன் உடலியங்கியலாளர்கள் வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் ஒன்றைக் காட்டினார்கள்: மூச்சுக்காற்றில் ஆக்ஸிஜன் குறைந்தால் நுரையீரல் தமனிகள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. உடலின் மற்ற பகுதிகளில் ஆக்ஸிஜன் குறைந்தால் குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் நேர்மாறு. காற்று போகாத பகுதிக்கு இரத்தத்தை வீணாக அனுப்பாமல் திருப்பிவிடும் ஏற்பாடு இது. ஆனால் ஆக்ஸிஜன் குறைந்ததைக் கண்டறிந்து தமனிக்குச் சொல்வது யார்? தமனியைச் சுற்றி, இரத்தக் குழாய்களின் இறுக்கத்தை மாற்றும் வேதிப்பொருளான ஹிஸ்டமினைப் பொதி பொதியாக வைத்துக்கொண்டு காத்திருக்கும் மாஸ்ட் செல்லின் மீது சந்தேகம் விழுந்தது இயல்பே. ஆக்ஸிஜன் குறைந்த காற்றை மூச்சிழுத்த எலிகளில், சிறு தமனிகளைச் சுற்றியுள்ள மாஸ்ட் செல்கள் துகள்களை இழப்பதை 1970களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் காட்டியபோது, குற்றவாளி பிடிபட்டதாகவே பலர் நினைத்தனர்.

வழக்கு நிற்கவில்லை. ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளைக் கொடுத்தபோது ஓர் ஆய்வில் தமனிச் சுருக்கம் குறைந்தது, இன்னொன்றில் குறையவில்லை. ஹிஸ்டமினே இரண்டு முகம் கொண்டது: செல்லின் மேற்பரப்பில் அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களில் எச்1 ஏற்பி வழியாகத் தமனியைச் சுருக்கும், எச்2 ஏற்பி வழியாக விரிக்கும், எந்த முகம் மேலோங்கும் என்பது இனத்தையும் வயதையும் குழாயின் அப்போதைய இறுக்கத்தையும் பொறுத்தது. இறுதியில், மென்தசைச் செல்லை மட்டும் தனியே பிரித்தெடுத்துத் தட்டில் வளர்த்து ஆக்ஸிஜனைக் குறைத்தாலும் அது தானாகவே சுருங்குகிறது என்று தெரிந்தபோது, இடைத்தரகருக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. நொடிகளில் நிகழும் சுருக்கத்துக்கு மாஸ்ட் செல் அவசியமில்லை என்பதே இன்றைய நிலை. துரதிர்ஷ்டவசமாக, அந்தத் தீர்ப்போடு மாஸ்ட் செல்லையே பலர் கைகழுவிவிட்டார்கள். வாரக்கணக்கில் நடக்கும் சுவர்த் தடிப்பு முற்றிலும் வேறு நிகழ்வு என்பதை அப்போது போதிய அளவு யோசிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் எண்ணிக்கை மட்டும் தொடர்ந்து கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பல நாள்கள் ஆக்ஸிஜன் குறைந்த அறையில் வைக்கப்பட்ட எலிகளின் நுரையீரலில் மாஸ்ட் செல்கள் பெருகுவதும், ஹிஸ்டமினை உருவாக்கும் திறன் கூடுவதும் 1974இலேயே பதிவாகிவிட்டன. இங்கே என் அனுபவத்திலிருந்து ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். தொடக்க காலத்தில் இரண்டு தொகுதிச் சீவல்களை எண்ணி, நோயுற்ற எலிகளில் மாஸ்ட் செல்கள் குறைவு என்று அட்டவணை போட்டு முடித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஒரு தொகுதித் திசுக்கள், அழுகாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசலில் ஒரே நாளும், மற்றொன்று வாரக்கணக்கிலும் கிடந்திருந்தன. ஃபார்மலினில் நெடுநாள் ஊறினால் துகள்கள் சாயத்தைப் பிடிப்பது குறைந்துவிடும். சளிப்படல வகை மாஸ்ட் செல்களில் இது இன்னும் மோசம். நான் எண்ணியது நோயை அல்ல, ஜாடியில் கிடந்த நாள்களை. அந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு, அதற்கு ஃபார்மலினைக் குறைசொல்ல முடியாது. துகள்களால்தான் மாஸ்ட் செல்லை அடையாளம் காண்கிறோம். துகள்களை முழுவதும் கொட்டித் தீர்த்த செல் சாயத்தில் தெரியாது. அது அங்கேயே இருந்தாலும் நம் எண்ணிக்கையில் வராது. அதாவது, அந்தச் செல் மிகத் தீவிரமாக வேலை செய்த நேரத்தில்தான் நம் கண்ணுக்கு மறைந்துபோகிறது. எண்ணிக்கை குறைந்தால் செல் இல்லை என்று பொருளா, வெடித்து ஓய்ந்துவிட்டது என்று பொருளா? முழுச் செல், பாதி கொட்டிய செல், ஓரத்தில் துகள்கள் சிதறிக் கிடக்கும் செல் என்று பிரித்து எண்ணாத எந்த அறிக்கையையும் நான் இப்போது அரை மனதோடுதான் படிக்கிறேன்.

இந்தக் குழப்பத்துக்கு வெளிச்சம் தந்தது ஒரு செடியின் நஞ்சு. கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த காயை ஆட்டினால் விதைகள் உள்ளே குலுங்கும். அதன் ஓர் இனத்தின் விதைகளிலிருந்து எடுக்கப்படுவதே மோனோகுரோட்டலின் என்ற ஆல்கலாய்டு. அது நேரடி நஞ்சல்ல. கல்லீரல் அதை வினைமிக்க ஒரு பொருளாக மாற்றுகிறது. அது இரத்தத்தோடு போய் முதலில் சந்திக்கும் மெல்லிய குழாய்த் தொகுதியான நுரையீரலின் உள்படலத்தைச் சிதைக்கிறது. எலிக்குக் கிலோவுக்கு 60 மி.கி. அளவில் தோலடியில் ஒரே ஊசி போதும். முதல் வாரம் எலி பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். உள்ளே அழற்சி நடந்துகொண்டிருக்கும். மூன்று நான்கு வாரங்களில் தமனிச் சுவர்கள் தடித்து, மயிர் சிலிர்த்து, மூச்சு வேகமாகி, எலி கூண்டின் மூலையில் ஒடுங்கும். சுண்டெலிகளில் இந்த நஞ்சு சரியாக வேலை செய்வதில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

2011இல் வெளியான ஓர் ஆய்வு இந்த எலிகளில் நேரத்தைப் பிரித்துப் பார்த்தது. மாஸ்ட் செல்கள் துகள்களைக் கொட்டாமல் தடுக்கும் குரோமோலின் என்ற மருந்தையும், மாஸ்ட் செல்கள் உயிர்வாழத் தேவையான கிட் ஏற்பியைத் தடுக்கும் மற்றொரு மருந்தையும் தனித்தனியே கொடுத்தார்கள். ஊசி போட்ட முதல் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை கொடுத்த எலிகளில் வலது கீழறையின் அழுத்தம் குறைந்தது, அதன் தடிப்பு குறைந்தது, சிறு தமனிகளில் தசை ஏறுவதும் குறைந்தது. அதே மருந்துகளை 21ஆம் நாளிலிருந்து 35ஆம் நாள் வரை கொடுத்தபோது எந்தப் பயனும் இல்லை. மருந்தும் எலியும் நஞ்சும் அவையே. மாறியது நாள்காட்டி மட்டும். ஆக்ஸிஜன் குறைவால் நோய் உண்டாக்கப்பட்ட எலிகளிலும், குரோமோலின் தொடக்க நாள்களில் கொடுக்கப்பட்டபோதுதான் பயன் தந்தது என்று 2008இல் வெளியான வேறோர் ஆய்வு காட்டியிருந்தது. வெவ்வேறு காரணங்களால் வந்த நோயில் ஒரே பதில் கிடைக்கும்போது அதை அலட்சியப்படுத்துவது கடினம்.

மூன்றாவது சான்று இதயத்தின் இடது பக்கத்திலிருந்து வந்தது. எலியின் பெருந்தமனியைச் சுற்றிக் கவ்வி ஒன்றை மாட்டி இடது இதயத்தைத் தளரச் செய்தால், இரத்தம் நுரையீரலில் தேங்கி அங்கும் அழுத்தம் ஏறும். இந்த எலிகளின் நுரையீரலில் எந்த மரபணுக்கள் கூடுதலாக இயங்குகின்றன என்று தேடியபோது, மாஸ்ட் செல்லுக்கு உரியவை மேலெழுந்து வந்தன. கீட்டோடிஃபென் என்ற மருந்தால் மாஸ்ட் செல்களை அடக்கியபோது நோய் தணிந்தது. கிட் மரபணுவில் 12 எழுத்துகள் விடுபட்டதால் மாஸ்ட் செல்களே இல்லாமல் பிறக்கும் எலி வகையிலும் நோய் குறைவாகவே வந்தது. மருந்தை மட்டும் நம்பாமல், செல்லே இல்லாத விலங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் இந்த ஆய்வின் மீது எனக்குத் தனி மதிப்பு.

அப்படியானால் அந்தத் துகள்களுக்குள் என்ன இருக்கிறது? ஹிஸ்டமின் பழைய செய்தி. கொறித்துண்ணிகளின் மாஸ்ட் செல்களில் செரட்டோனினும் நிறைய உண்டு. மென்தசையைச் சுருக்குவதோடு வளரவும் தூண்டும் பொருள் அது. ஆனால் இந்த நோயில் அதிகம் பொறுப்பேற்க வேண்டியவை டிரிப்டேஸ், கைமேஸ் என்ற இரண்டு புரத வெட்டிகள் என்றே நினைக்கிறேன். டிரிப்டேஸ், செல்களின் மேற்பரப்பில் உள்ள பார்-2 என்ற ஏற்பியின் முனையை வெட்டித் திறக்கிறது. திறந்ததும் மென்தசைச் செல்லும் நார்ச்செல்லும் பெருகத் தொடங்குகின்றன. கைமேஸ், செல்லிடைப் பொருளைக் கரைக்கும் நொதிகளை உசுப்பிவிட்டுச் சுவரின் சட்டகத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்த இடத்தில் புதிய கொலாஜன் படிகிறது. மனிதக் கைமேஸ், இரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2ஐ உருவாக்கும். எலியின் முதன்மையான கைமேஸோ அதை வெட்டி அழிக்கும். ஒரே பெயர், நேரெதிர் வேலை. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கோ மாட்டுக்கோ எடுத்துச் செல்பவர்கள் இந்த ஓர் உண்மைக்கு முன்னால் சற்று நின்றுவிட்டுப் போகலாம்.

2017இல் இன்னொரு கண்ணி சேர்ந்தது. மாஸ்ட் செல்கள் வெளியிடும் இன்டர்லியூகின்-6 என்ற சமிக்ஞைப் புரதம், பி செல்கள் என்ற வெள்ளணுக்களைத் தூண்டி எதிர்ப்பொருள்களை உருவாக்க வைப்பதும், பி செல்களை நீக்கினால் எலிகளில் நோய் தணிவதும் தெரியவந்தன. முதல் வாரத்தில் கொட்டிய துகள் மூன்றாவது வாரத்தில் எப்படிக் கேடு செய்கிறது என்ற கேள்விக்கு இது ஓரளவு பதில் தருகிறது. துகள் தீர்ந்துபோகிறது, அது எழுப்பிவிட்ட எதிர்ப்பொருள்களும் பெருகிய தசையும் தங்கிவிடுகின்றன. அந்நிலையில் மாஸ்ட் செல்லைக் கட்டிப்போடுவது, குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுவதற்குச் சமம்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. அவற்றில் சில வலுவானவை. குரோமோலின் மாஸ்ட் செல்லை மட்டும் தொடும் மருந்தல்ல. எலிகளில் துகள் கொட்டுவதைத் தடுக்கும் அது சுண்டெலிகளில் அப்படித் தடுப்பதில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எனவே சுண்டெலியில் குரோமோலின் பயன் தந்தது, ஆகவே மாஸ்ட் செல்லே காரணம் என்று வாதிடுவது ஆட்டம் காண்கிறது. கிட் ஏற்பி மாஸ்ட் செல்லுக்கு மட்டும் உரியதல்ல. எலும்பு மச்சையின் மூலச் செல்களிலும் அது உண்டு. அதனால்தான் கிட் குறைபாடுள்ள பழைய சுண்டெலி வகைகளில் மாஸ்ட் செல் இல்லாமையோடு இரத்தச்சோகையும் மலட்டுத்தன்மையும் சேர்ந்தே வருகின்றன. மேலும் சுண்டெலியின் நுரையீரல் ஓரப்பகுதிகளில் மாஸ்ட் செல்கள் இயல்பாகவே மிகக் குறைவு. மூச்சுக்குழாயையும் பெரிய கிளைகளையும் ஒட்டியே அவை இருக்கும். மோனோகுரோட்டலின் எலியைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதை நோயிலிருந்து காப்பாற்றிய மருந்துகளின் பட்டியல் மிக நீளமானது, அவற்றில் மனித மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தவை மிகச் சில.

ஆய்வகத்தை விட்டுக் கால்நடை மருத்துவமனைக்கு வந்தால் காட்சி மாறுகிறது. நாய்களில் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது வயதான நாயின் இடது இதயத்திலுள்ள மைட்ரல் வால்வுச் சிதைவு, நாள்பட்ட நுரையீரல் நோய்கள், இதயப்புழு ஆகியவை. வலது இதயத்தின் மூவிதழ் வால்வு வழியாகப் பின்னோக்கிப் பாயும் இரத்தத்தின் வேகம் நொடிக்கு 3.4 மீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. கணக்குப்படி அது ஏறத்தாழ 46 மி.மீ. பாதரச அழுத்த வேறுபாடு. இதயப்புழுவின் பெண் புழு 30 செ.மீ. வரை வளர்ந்து நுரையீரல் தமனிக்குள்ளேயே வாழ்கிறது. அது உரசிய இடங்களில் உள்படலம் விரல்விரலாகத் தடித்து எழும். செத்த புழுவின் சாறு நாயின் இரத்தத்தில் கலக்கும்போது ஏற்படும் அதிர்ச்சியில் ஹிஸ்டமின் வெளிப்படுவது தெரிந்ததே. எலியில் வைத்த சந்தேகத்தை நாயில் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று எனக்குப் படுகிறது. ஆனால் மருத்துவமனைக்கு நாய் வந்து சேரும்போது நோய் பிடித்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும். எலியின் கணக்கில் சொன்னால், 21ஆம் நாள் எப்போதோ கடந்துபோயிருக்கும். சில்டெனஃபில் என்ற மருந்து தமனியை விரித்து மூச்சை எளிதாக்கும், தடித்த சுவரை மெலியச் செய்யாது. மாஸ்ட் செல்லை அடக்கும் மருந்து நாயின் நுரையீரல் அழுத்தத்துக்கு வழக்கமான சிகிச்சையாக இன்று இல்லை. இப்போதுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், நோய் முற்றிய நாய்க்கு அதைப் பரிந்துரைக்க நானும் துணியமாட்டேன்.

வாய்ப்பு இருப்பது தொடக்க நாள் நமக்கு முன்கூட்டியே தெரிந்த இடங்களில்தான். உயர்ந்த மேய்ச்சலுக்கு ஏற்றப்படும் மாடு எந்தத் தேதியில் ஏறியது என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கும். வேகமாகக் கொழுக்க வைக்கப்படும் பிராய்லர் கோழி, தன் சிறிய நுரையீரலால் உடலின் ஆக்ஸிஜன் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் அழுத்தம் ஏறி, வயிற்றில் நீர் கோத்துச் சாவது எந்த வாரங்களில் என்பது பண்ணைக்காரருக்குத் தெரியும். புழுவைக் கொல்லும் ஊசி நாய்க்கு எந்த மணிக்குப் போடப்படுகிறது என்பதும் நோயாளர் ஏட்டில் இருக்கும். இவற்றில் எதிலாவது முதல் சில நாள்களின் திசுவைப் பார்க்கக் கிடைத்தால், மூன்றாவது வாரத்தின் நூறு சீவல்களைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்வேன்.

இப்போதெல்லாம் சீவல் பெட்டி மேசைக்கு வந்ததும் நான் நுண்ணோக்கியைத் தொடுவதில்லை. கண்ணாடியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் இரண்டு எண்களை முதலில் குறித்துக்கொள்கிறேன்: நோய் தொடங்கி எத்தனையாவது நாள், ஃபார்மலினில் எத்தனை நாள். அவை இல்லாத பெட்டியை எண்ணாமலே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.